வழிபாடும் அரசியலும் எழுதும் சொந்தத் தளம்: பழைய எழுத்துரு மாற்றம், சுட்டி, காப்பு, தேர்தல் காலம்

புலியூர்_அன்பர் (கடலூர்)

அன்பர்களுக்கு வந்தனம். சன்மார்க்கச் சிந்தனை, கோயில் மற்றும் சபை நிர்வாகம், உள்ளூர் அரசியல் என மூன்றையும் ஒரே தளத்தில் எழுதுகிறேன். எல்லாம் சின்னச் சின்ன நாள்குறிப்புகள். பழையவை பாமினி என்ற பழைய எழுத்துருவில், கொஞ்சம் டிஸ்கி என்ற பழைய குறியீட்டில், மற்றவை இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் உள்ளன. தளம் வேர்ட்பிரஸ் என்ற பதிவு மென்பொருளில் ஓடுகிறது. பழைய பக்கங்கள் கைப்பேசியில் வெறும் ரோமன் எழுத்துக் குவியலாகத் தெரிகின்றன. தமிழில் தலைப்பு வைத்தால் சுட்டி (பதிவின் இணைய முகவரி) பாதியில் அறுந்துபோகிறது, வாட்ஸ்அப்பில் அனுப்பினால் விழுக்காட்டுக் குறிகளாக நீள்கிறது.

நான்கு விஷயம் தெரிய வேண்டும். பழைய எழுத்துருவைப் பிழையில்லாமல் மாற்றுவது எப்படி? வழிபாட்டையும் அரசியலையும் தனித்தனித் தளமாகப் பிரிக்க வேண்டுமா? தேர்தல் நேரத்தில் தனிமனிதர் தளத்துக்கு என்ன கட்டுப்பாடு? நம் கடற்கரையில் புயல் வந்தாலும் எழுதியது அழியாமல் இருக்க என்ன ஏற்பாடு? விவரமாகச் சொல்லுங்கள்.

---

முத்தியால்பேட்டை_நிரலர்

எழுத்துரு பற்றி மட்டும் சொல்கிறேன் ஐயா. மற்றவற்றுக்கு இங்கே ஆள் இருக்கிறார்கள்.

எதையும் தொடும் முன் மூன்று பிரதி எடுங்கள்: வேர்ட்பிரஸின் ஏற்றுமதிக் கோப்பு, தரவுத்தளத்தின் எஸ்க்யூஎல் கோப்பு, படங்கள் இருக்கும் பதிவேற்ற அடைவு. எஸ்க்யூஎல் கோப்பை நோட்பேடு பிளஸ் பிளஸில் திறந்து ஒரு யூனிகோடு பதிவைத் தேடிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே தெரிந்தால் சரி. தலையில் கோடு போட்ட ரோமன் எழுத்தும் பதிவுக்குறியும் மாறி மாறி வந்தால், யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்-1 என்ற ஐரோப்பியக் குறியீடு என்று நினைத்துப் படித்திருக்கிறது என்று பொருள். அதை மீட்டுவிடலாம். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் அந்தக் கோப்பில் எழுத்து இல்லவே இல்லை, மீட்க எதுவும் கிடையாது. இணைப்பின் குறியீட்டை யூடிஎஃப்8எம்பி4 என்று வைத்து மறுபடி ஏற்றுமதி செய்ய வேண்டும். இதைப் பார்க்காமல், தளம் இருந்த பழைய வழங்கியை மூடிவிடுகிறவர்கள்தான் மொத்தத்தையும் இழக்கிறார்கள்.

அடுத்து, பாமினியையும் டிஸ்கியையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. டிஸ்கி 8 பிட் குறியீடு. கீழ்ப்பாதியில் ஆங்கிலம் அப்படியே இருக்கும், தமிழ் மேல்பாதியில் இருக்கும். ஆகவே பக்கத்தை முழுதாக மாற்றியில் போட்டாலும் ஆங்கிலச் சொல்லும் சுட்டியும் கெடாது. பாமினி அப்படியல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்தது. முழுப் பக்கத்தையும் போட்டால் எச்டிஎம்எல் குறிச்சொற்கள்கூட அர்த்தமில்லாத தமிழாகிவிடும். பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி, காற்புள்ளிதான் 'இ'. எச்டிஎம்எல்லில் இடைவெளி, மேற்கோள் போன்றவற்றுக்கு எழுதும் குறிமுறைச் சொற்கள் எல்லாம் அரைப்புள்ளியில்தான் முடியும். அவற்றை அப்படியே விட்டால் ஒவ்வொன்றும் தப்பான மெய்யெழுத்தாக முளைக்கும்.

ஆகவே வரிசை இது. முதலில் பாமினி எழுத்துருக் குறிச்சொல்லுக்குள் இருக்கும் பகுதியை மட்டும் பிரித்து எடுங்கள். பிறகு அதிலுள்ள குறிமுறைச் சொற்களைச் சாதாரண எழுத்தாக்குங்கள். அதை மட்டும் மாற்றி, இருந்த இடத்திலேயே வையுங்கள். பைத்தான் தெரிந்தவர் உதவிக்கு இருந்தால் ஓப்பன்-தமிழ் நிரலகத்தில் பாமினி, டிஸ்கி இரண்டுக்கும் மாற்றி உண்டு. இல்லையென்றால் என்எச்எம் மாற்றியில் பதிவு பதிவாகச் செய்யலாம். நேரம் ஆகும், ஆனால் கண் முன்னால் நடக்கும்.

மாற்றிய பிறகு பார்க்க வேண்டியவைதான் நிறைய. பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் சேமிக்கப்படும், யூனிகோடில் பின்னால். மாற்றி தவறினால் சொல்லின் தொடக்கத்தில் கொம்பு மட்டும் புள்ளி வட்டத்தோடு நிற்கும். இடைவெளிக்குப் பின் கொம்பு வரும் இடங்களைத் தேடினால் எல்லாம் பிடிபடும். பழைய தட்டச்சில் 'ர்' அடிக்கக் காலுக்கு மேல் புள்ளி வைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. அது யூனிகோடில் கால் குறியும் புள்ளியும் சேர்ந்த, தமிழில் இருக்கவே முடியாத இணையாக வந்து நிற்கும். அதை மொத்தமாக 'ர்' என்று மாற்றிவிடலாம், எங்கேயும் தப்பாகாது.

ஆனால் ஔகாரத்தில் அப்படி மொத்தமாகக் கை வைக்காதீர்கள். மௌனம், கௌரவம், சௌகரியம், பௌர்ணமி போன்றவற்றில் கொம்போடு 'ள' எழுத்தைத் தட்டியிருப்பார்கள். அதைக் கண்மூடித்தனமாக மாற்றினால் வெள்ளி, தெளிவு, கெளுத்தி எல்லாம் நாசமாகும். சொற்பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இதேபோல 'கொ' என்பதைக் கொம்பு, கால் என இரண்டு குறியாகவும் சேமிக்கலாம், ஒரே குறியாகவும் சேமிக்கலாம். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, ஆனால் வேர்ட்பிரஸ் தேடல் இரண்டையும் வேறுவேறாகப் பார்க்கும். 'கொடி' என்று தேடினால் பாதிப் பதிவு வராது. எல்லாப் பதிவையும் என்எஃப்சி என்ற இயல்பாக்கத்தில் ஒருமுறை ஓட்டினால் ஒரே வடிவமாகிவிடும். ஸ்ரீ என்பதற்கும் இரண்டு குறியீட்டு வடிவம் புழக்கத்தில் இருக்கிறது, தளம் முழுக்க ஒன்றை மட்டும் வையுங்கள்.

பழைய நூல் பக்கங்களைப் படம் பிடித்து எழுத்துணரியில் போட்ட பாடல்கள் இருந்தால் தமிழ் எண்களைத் தனியாகப் பாருங்கள். ௧ என்ற எண்ணைக் 'க' என்றும், ௭ஐ 'எ' என்றும், ௮ஐ 'அ' என்றும் படித்துவிடும். பாடல் எண் கெட்டால் மேற்கோளே பயனில்லாமல் போகும்.

எழுத்துருக் கோப்பு எதையும் தளத்தில் ஏற்ற வேண்டிய தேவை இப்போது இல்லை. ஆண்ட்ராய்டில் நோட்டோ, விண்டோஸில் நிர்மலா, ஐபோனில் தமிழ் சங்கம் எனத் தமிழ் எழுத்துரு கூடவே வருகிறது. எழுத்தளவு 18 பிக்சல், வரி உயரம் 1.7 என்று வைத்தால் மேல் விலங்கும் கீழ்ச் சுழியும் இடிக்காது. சாய்வெழுத்தைத் தமிழில் தவிர்த்துவிடுங்கள்.

---

பாகூர்_ஏரிக்கரை

சுட்டி அறுந்துபோவதற்குக் காரணம் எளிய கணக்கு. முகவரியின் கடைசிப் பகுதியான சுட்டிப்பெயருக்கு வேர்ட்பிரஸ் 200 இடம்தான் ஒதுக்குகிறது. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். சுட்டிக்குள் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம், 22 குறியோடு கதை முடிந்தது. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனிக் குறி என்பதை மறக்கக் கூடாது. 'வடலூர் தைப்பூசப் பெருவிழா' என்ற தலைப்பில் 23 குறி இருக்கிறது. கடைசிக் கால் உதிர்ந்து 'பெருவிழ' என்று நிற்கும்.

தலைப்பைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு சுட்டிப்பெயரை மட்டும் ரோமன் எழுத்தில் மூன்று நான்கு சொல்லாகக் கையால் கொடுங்கள். வெளியான பதிவின் சுட்டிப்பெயரை மாற்றினால் பழையதை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துத் தானே திருப்பிவிடும். ஆனால் மொத்தச் சுட்டி அமைப்பையே மாற்றினால் எல்லாவற்றையும் திருப்பும் என்று நம்ப முடியாது. அதற்கு 301 எனப்படும் நிரந்தரத் திருப்புதலை நாம்தான் எழுத வேண்டும். அமைப்பில் ஆண்டும் பெயரும் போதும். வகைப்பெயரைச் சுட்டியில் சேர்க்கவே கூடாது. இன்று 'சபை' என்ற வகையில் இருக்கும் பதிவை நாளைக்கு 'அரசியல்' என்று மாற்றத் தோன்றும். மாற்றிய அன்றே பதிவின் முகவரியும் மாறிவிடும்.

தளப்பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்கள். தளம் செய்து கொடுத்தவர் தன் பெயரில் எடுத்து வைத்திருப்பது நம் பக்கம் சர்வ சாதாரணம். பதிவுக் கணக்கின் மின்னஞ்சல் அதே தளப்பெயரில் இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த மின்னஞ்சலும் நின்றுபோகும், கடவுச்சொல்லை மீட்கக்கூட வழி இருக்காது. டாட் காம் பெயர் காலாவதியானால் முதலில் பதிவாளர் தரும் சலுகைக் காலம், அதன் பின் 30 நாள் மீட்புக் காலம் (கட்டணம் பல மடங்கு), அதன் பின் 5 நாளில் எவர் வேண்டுமானாலும் எடுக்கும்படி விடுபடும். ஒரேயடியாக 10 ஆண்டு வரை புதுப்பிக்கலாம். முதல் ஆண்டுச் சலுகை விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், புதுப்பிப்பு விலையைப் பாருங்கள். டாட் இந்தியா என்று தமிழிலேயே முகவரி எடுக்க முடியும். அழகுதான், ஆனால் பல செயலிகள் அதைச் சுட்டியாக அடையாளம் காண்பதில்லை. துணைப்பெயராக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பூட்டுக்குறிச் சான்றிதழ் லெட்ஸ் என்கிரிப்டில் இலவசம். 90 நாளில் காலாவதி ஆகும். முன்பு நினைவூட்டல் மின்னஞ்சல் வரும், 2025 ஜூனோடு அதை நிறுத்திவிட்டார்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை உலாவியில் பூட்டுக்குறியைத் தட்டித் தேதியைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியின் 7.4 பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தம் 2022 நவம்பரோடு நின்றுவிட்டது. வழங்கியின் பலகையில் இன்னும் அதுவே இருந்தால், முதலில் செருகுநிரல்களைப் புதுப்பித்துவிட்டுப் பிறகு பிஎச்பியை ஏற்றுங்கள். வரிசை மாறினால் வெள்ளைத் திரைதான் மிஞ்சும். பயன்படுத்தாத செருகுநிரலை முடக்கி வைப்பது போதாது, நீக்கிவிட வேண்டும். முடக்கியதன் கோப்புகள் வழங்கியிலேயே கிடக்கும், உடைப்பவர்களுக்கு அதுவே வாசல்.

காப்பு பற்றி. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்தது. 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தது. அடுத்த ஓரிரு நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூரில் ஊருக்குள் புகுந்தது. தரைத்தள அலமாரியில் இருக்கும் வன்தட்டை இந்த ஊரில் காப்பு என்று சொல்ல முடியாது. மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்பது பொதுவிதி. வெளியூர் என்றால் கடற்கரை இல்லாத ஊராக இருக்கட்டும், சேலம் அல்லது பெங்களூரில் உறவினர் வீடு நல்லது. மேகச் சேமிப்பில் ஒன்று. வழங்கிக்காரர் தரும் காப்பை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள், கணக்கு முடங்கினால் அதுவும் சேர்ந்தே முடங்கும்.

எடுத்த காப்பை மீட்டுப் பார்க்காமல் அது காப்பு ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக் கணினியில் ஜாம்ப் (தளத்தை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்கும் மென்பொருள்) நிறுவி, அதில் ஏற்றி, பழைய பதிவு ஒன்று, படமுள்ள பதிவு ஒன்று, பின்னூட்டமுள்ள பதிவு ஒன்று திறக்கிறதா என்று பாருங்கள். இதைத் தவிர எல்லாப் பதிவையும் சாதாரண உரைக் கோப்பாக, ஒரு பதிவுக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 சொல் கட்டுரை 30 கிலோபைட்டுக்குள் அடங்கும். மென்பொருள் மாறினாலும் அது திறக்கும். முக்கியமான பதிவுகளை இணைய ஆவணகத்தின் வேபேக் மெஷினிலும் சேமியுங்கள், அங்கே கிடைக்கும் தேதி முத்திரைக்கு அரசியல் பதிவில் தனி மதிப்பு உண்டு.

பிரிப்பதா என்ற கேள்விக்கு என் பதில், ஒரே தளத்தில் இரண்டு வகை. வேர்ட்பிரஸில் ஒவ்வொரு வகைக்கும் தனி ஓடை (புதுப் பதிவுகளை வாசகருக்குத் தானாகத் தரும் வசதி) இருக்கிறது, வகைச் சுட்டியின் முடிவில் ஃபீட் என்று சேர்த்தால் போதும். வழிபாட்டுக் குறிப்பு மட்டும் வேண்டும் என்பவர் அதை மட்டும் பெறலாம்.

---

நெல்லித்தோப்பு_வழக்காடி

தேர்தல் கால விதியைப் பயத்தோடு பார்க்க வேண்டாம், தேதியும் நேரமும் தெரிந்தால் போதும்.

மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951இன் 126ஆவது பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரம் பற்றியது. திரைப்படம், தொலைக்காட்சி 'அல்லது அது போன்ற கருவி' வழியாகத் தேர்தல் விஷயத்தைக் காட்டக் கூடாது என்கிறது. தனிமனிதர் தளம் இதில் எவ்வளவு அடங்கும் என்பதில் வாதம் உண்டு. வாதத்துக்குள் போகாமல் இருப்பதே நல்லது. நேரத்தைக் கணக்கிடும்போது கவனம்: 2021 ஏப்ரல் 6 வாக்குப்பதிவு மாலை 7 மணி வரை நடந்ததால் அமைதிக் காலம் ஏப்ரல் 4 மாலை 7 மணிக்குத் தொடங்கியது. 2024 ஏப்ரல் 19இல் 6 மணிக்கு முடிந்ததால் ஏப்ரல் 17 மாலை 6 மணி. அந்த நேரத்தில் தானாக வெளியாகும்படி நேரம் குறித்து வைத்த பதிவு ஏதாவது வரிசையில் இருக்கிறதா என்று பாருங்கள். மாட்டுவது பெரும்பாலும் அதில்தான். பின்னூட்டத்தையும் அந்த 48 மணி நேரம் மூடிவிடுங்கள்.

126-ஏ பிரிவில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. வாக்குச்சாவடி வெளியேறும் கணிப்பை வெளியிடுவதும் பரப்புவதும் தடை. மின்னணு ஊடகம் என்பதற்குள் இணையத்தையும் அந்தப் பிரிவின் விளக்கமே சேர்க்கிறது. 2 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். 2024இல் நமக்கு ஏப்ரல் 19இலேயே வாக்குப்பதிவு முடிந்துவிட்டாலும் கடைசிக் கட்டம் ஜூன் 1 என்பதால் அன்று மாலை 6.30 வரை தடை நீடித்தது. 'நம் ஊரில் முடிந்துவிட்டதே' என்று எழுதுவது குற்றமாகிவிடும்.

தேர்தல் விளம்பரத்துக்கு ஆணையத்திடம் வாங்கும் முன்சான்று உங்களுக்குத் தேவையில்லை. 2013 அக்டோபரில் தேர்தல் ஆணையம் தந்த அறிவுறுத்தலின்படி, சொந்த வலைப்பதிவிலோ சொந்தக் கணக்கிலோ இடும் அரசியல் கருத்து விளம்பரமாகக் கருதப்படாது. ஆனால் கட்சிக்காரர் பணம் கொடுத்து ஓரத்தில் படம் போடச் சொன்னால் அது விளம்பரம். வாங்காதீர்கள்.

மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது 123(3)இன் கீழ் முறைகேடு. 2017 ஜனவரி 2இல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதி அமர்வு 4க்கு 3 என்ற கணக்கில், வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்பதும் அதில் அடங்கும் என்றது. இந்தப் பிரிவு வேட்பாளருக்கும் அவர் முகவருக்கும் அவர் ஒப்புதலோடு பேசுபவருக்கும் உரியது. நீங்கள் யாருக்கும் முகவர் இல்லையென்றாலும், வழிபாட்டுப் பதிவின் கீழே வேட்பாளரை வாழ்த்தும் வரியைச் சேர்க்காமல் இருப்பது அந்த வேட்பாளருக்கே நல்லது.

2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா நடப்பில் இருக்கிறது. பிரிவினரிடையே பகை வளர்ப்பது 196, மத உணர்வைத் திட்டமிட்டுப் புண்படுத்துவது 299, அவதூறு 356. பழைய 153-ஏ, 295-ஏ, 499 என்று இன்னும் எழுதுகிறார்கள், மாற்றிக்கொள்ளுங்கள். அவதூறில் பொது ஊழியரின் பணி நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொல்லும் கருத்துக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கு கருத்துக்குத்தான். 'இன்னார் பணம் வாங்கினார்' என்பது கருத்தல்ல, நிரூபிக்க வேண்டிய செய்தி. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். முதல் பத்தியில் ஆவணம் சொல்வது, அடுத்த பத்தியில் உங்கள் கருத்து என்று பிரித்து எழுதினால் வாசகருக்கும் தெளிவு, நீதிமன்றத்திலும் தெளிவு.

புதுச்சேரியில் 2012இல் ஒரு ட்விட்டர் பதிவுக்காக ஒருவர் கைதானது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவில். அந்தப் பிரிவை 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. யாராவது அதைச் சொல்லி மிரட்டினால் தேதியைச் சொல்லுங்கள். பின்னூட்டத்தில் பிறர் எழுதுவதற்கு 79ஆவது பிரிவின் பாதுகாப்பு இருக்கிறது, அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஒவ்வொரு பின்னூட்டத்தையும் ஒப்புதல் தந்த பிறகே வெளியிடும்படி வையுங்கள். 14 நாள் கழிந்த பதிவில் பின்னூட்டம் தானாக மூடும் வசதி வேர்ட்பிரஸ் அமைப்பிலேயே இருக்கிறது, அரசியல் பதிவுக்கு அது போதும்.

ஆவணம் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். வேட்பாளரின் சொத்து, வழக்கு விவரம் படிவம் 26இல், ஆணையத்தின் தளத்தில் இருக்கும். கோயில் நிலம், வருமானம் பற்றி அறநிலையத் துறை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. அதிலும் இல்லாததற்குத் தகவல் உரிமை மனு: 10 ரூபாய், 30 நாள், பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சட்டம் வேறு. கடலூர்க் கோயிலுக்குத் தமிழ்நாட்டின் 1959 சட்டம், புதுச்சேரிக் கோயிலுக்கு அதன் 1972 சட்டம். பாகூர்க்காரரும் உங்கள் தளத்தைப் படிக்கிறார் என்றால் வெறுமனே 'முதல்வர்', 'ரேஷன் அரிசி' என்று எழுதாமல் எந்த அரசு என்று எழுதுங்கள். இங்கே புதுச்சேரியில் அரிசிக்குப் பதில் வங்கியில் பணம் போட்ட காலம் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை.

---

மேட்டுக்குப்பம்_வழி

வந்தனம் அன்பரே. வழிபாட்டுப் பக்கம் பற்றிச் சில சொற்கள்.

அரசியல் பதிவுக்கு ஆவணம் தேடுகிறவர்கள் வழிபாட்டுப் பதிவில் கேட்டதை எல்லாம் எழுதிவிடுகிறார்கள். வள்ளலார் சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றும் வரிகளில் அவர் எழுதாதவை உண்டு. திருஅருட்பாவில் எத்தனையாவது திருமுறை, எந்தப் பதிகம், எத்தனையாவது பாடல், எந்தப் பதிப்பு என்ற நான்கும் இல்லாமல் மேற்கோள் போட வேண்டாம். பாடல் எண் பதிப்புக்குப் பதிப்பு மாறும். ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பின் எண்ணும் ஊரன் அடிகள் 1972இல் கொண்டுவந்த பதிப்பின் எண்ணும் ஒன்றல்ல. மூலப் பாடல்களுக்குக் காப்புரிமை முடிந்துவிட்டது, தாராளமாக இடலாம். ஊரன் அடிகளின் முன்னுரையும் குறிப்புகளும் அப்படியல்ல. அவர் மறைந்தது 2022இல், ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு என்ற விதிப்படி 2082 முடியும் வரை உரிமை நீடிக்கும். புதுச்சேரி அன்பர்கள் அரவிந்தர் எழுத்தை எடுத்தாளும்போதும் இதே கணக்குதான்: அவர் மறைந்தது 1950, முடிந்துவிட்டது. அரவிந்தர் ஆசிரமத்து அன்னை மறைந்தது 1973, 2033 முடிய வேண்டும்.

தேதிகள் எப்போதும் குழம்பும் இடங்கள் இவை. வள்ளலார் தொடங்கிய சங்கம் 1865, தருமச்சாலை 1867 மே 23, ஞானசபை 1872 ஜனவரி 25, மேட்டுக்குப்பம் சித்திவளாகத்தில் திருக்காப்பிட்டுக்கொண்டது 1874 ஜனவரி 30. சங்கத்தின் பெயரில் 'சுத்த' என்ற சொல் சேர்ந்தது 1872இல்தான். 1865 நிகழ்ச்சியைச் சொல்லும்போது பிற்காலப் பெயரைப் போடுவது பிழை. ஞானசபையில் ஜோதியை மறைக்கும் திரைகளில், தைப்பூசத்தில் ஏழையும் நீக்குவார்கள், மாதப் பூசத்தில் ஆறுதான். சபை நிலத்தை எழுதும்போது 80 காணி என்று மட்டும் போட்டால் இளையவர்களுக்குப் புரியாது. ஒரு காணி 1.32 ஏக்கர், ஆக ஏறத்தாழ 106 ஏக்கர்.

இனி, பிரிப்பதா என்ற கேள்வி. பசித்தவருக்குச் சோறு என்பதை வழிபாடாகவே வைத்தவர் வழியில் எழுதுகிறவர், ரேஷனையும் வேலையையும் பற்றி எழுதுவதைத் தவிர்க்க முடியாது, தவிர்க்கவும் கூடாது. வடலூர் சபையைச் சுற்றிய பெருவெளியில் வள்ளலார் சர்வதேச மையத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதும், அங்கே கட்டடம் வேண்டாம் என்று எதிர்ப்பு எழுந்து வழக்கானதும் வழிபாடா அரசியலா? இரண்டும்தான். சன்மார்க்க அன்பர்களே இருபக்கமும் நின்றார்கள். அப்படிப்பட்ட பதிவில் எதிர்க்கருத்தை அவர்கள் ஒப்புக்கொள்ளும் சொற்களில் முதலில் எழுதிவிட்டு, பிறகு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். வள்ளலார் பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்ற சண்டை மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வந்த ஊர் நம்முடையது. அச்சில் ஏறிய வசைச்சொல் நூறாண்டு தாண்டியும் படிக்கப்படுகிறது.

பதிவின் கீழே முதலில் வெளியான தேதி, திருத்திய தேதி, என்ன திருத்தம் என்ற மூன்றும் இருக்கட்டும். ஓசைப்படாமல் திருத்துவது வழிபாட்டுப் பதிவிலும் நேர்மையல்ல.

---

முத்தியால்பேட்டை_நிரலர்

ஒரே தளம் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கருத்து நோக்கில் மேட்டுக்குப்பம் ஐயா சொல்வது சரி. ஆனால் அரசியல் பதிவு ஒன்றின் மேல் யாராவது புகார் கொடுத்தால் வழங்கி நிறுவனம் பதிவை மட்டும் எடுக்காமல், விசாரணை முடியும் வரை கணக்கையே முடக்கவும் கூடும். அப்படியானால் பாடல்களும் அதோடு போகும். துணைத்தளப் பெயரில் பிரித்தாலும் கணக்கு ஒன்றே என்பதால் பயனில்லை. ஆகவே பாடல் தொகுப்பு, தேதிக் குறிப்பு போன்ற மாறாத பக்கங்களை மட்டும் நிலையான பக்கங்களாக்கி வேறு கணக்கில் வையுங்கள். நிலையான பக்கங்களை உருவாக்கும் ஹியூகோ போன்ற கருவியில் செய்து கிட்ஹப் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். தளத்தின் அளவு 1 ஜிகாபைட் வரை, மாதப் போக்குவரத்து 100 ஜிகாபைட் வரை என்ற வரம்பு, வெறும் உரைக்கு மிகத் தாராளம். தரவுத்தளம் இல்லை, பிஎச்பி இல்லை, உடைப்பதற்கும் ஒன்றும் இல்லை. நாள்குறிப்பும் அரசியலும் இப்போதுள்ள வேர்ட்பிரஸில் சேர்ந்தே இருக்கட்டும்.

---

பாகூர்_ஏரிக்கரை

அதை ஏற்கிறேன். பாடல் தொகுப்பு தனிக் கணக்கில் இருப்பதுதான் பத்திரம்.

---

புலியூர்_அன்பர் (கடலூர்)

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பாடல் தொகுப்பைத் தனியாக எடுத்துவிடுகிறேன். ஒன்று மட்டும் கேட்க வேண்டும்: பழைய பாமினிப் பதிவுகளுக்குப் பிறர் தந்திருக்கும் சுட்டிகள் உடையாமல், எந்த வரிசையில் வேலையைத் தொடங்குவது?

---

முத்தியால்பேட்டை_நிரலர்

சுட்டியைக் கடைசியில் தொடுங்கள் ஐயா. முதல் வேலை, இப்போதுள்ள எல்லாச் சுட்டியையும் ஒரு விரிதாளில் எடுத்து வைப்பது. தளவரைபடக் கோப்பைத் திறந்து நகலெடுத்தால் போதும். அடுத்து டிஸ்கிப் பதிவுகள், எண்ணிக்கை குறைவு, சிக்கலும் குறைவு. அதன் பின் பாமினிப் பதிவுகளைப் புதியதிலிருந்து பழையதை நோக்கிச் செய்யுங்கள், புதியவற்றைத்தான் ஆட்கள் திறக்கிறார்கள். உள்ளடக்கத்தை மாற்றினாலும் சுட்டிப்பெயரை அப்படியே விடுங்கள். எல்லாம் முடிந்ததும் இயல்பாக்கம் ஒருமுறை. பிறகு பாடல் பக்கங்களைப் புதுக் கணக்குக்கு நகர்த்தி, விரிதாளில் அடுத்த பத்தியில் புதுச் சுட்டியைப் போட்டு, அந்த வரிகளுக்கு மட்டும் 301 எழுதுங்கள். தற்காலிகத் திருப்புதலான 302ஐத் தவறிப் போட்டுவிட்டால் தேடுபொறிகள் பழைய முகவரியையே விடாமல் வைத்திருக்கக்கூடும். திருப்புதலைக் குறைந்தது ஓராண்டு எடுக்காதீர்கள், வேர்ட்பிரஸ் தளப்பெயரையும் அதுவரை உயிரோடு வைத்திருங்கள்.